பேராசிரியர் லேட்டனும் ஒரு மெழுகுவர்த்தியும்

பண்டாரவளையில் வசிக்கும் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவருடைய 13 வயது மகளுக்கு உறவினர் ஒருவர் நின்டெண்டோ டிஎஸ் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியையும், அதில் ஆடுவதற்குப் பேராசிரியர் லேட்டன் வரிசையின் முதல் விளையாட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மகள் தமிழ்மொழி மூலம் படிப்பவள், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வாசிப்பாள். இதைக் கையில் கொடுக்கலாமா, படிப்பு நேரம் வீணாகுமா, ஆடி முடித்தவர்கள் யாராவது தங்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்.

கொடுங்கள், சகோதரி. ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் ஹட்டனில் தரம் 6 முதல் சாதாரண தரம் வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவன். இந்த விளையாட்டை இரண்டு தடவை முழுமையாக ஆடியிருக்கிறேன். முதல் தடவை 2011இல், கட்டாரில் வேலைசெய்த என் மச்சான் விடுமுறைக்குக் கொண்டுவந்த கருவியில் தனியாக ஆடினேன். இரண்டாம் தடவை 2022இல், வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஆடினோம். அந்த இரண்டுக்கும் இடையில் நான் கண்ட வேறுபாடுதான் உங்களுக்கு நான் சொல்லப்போகும் பதில்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். உயரமான தொப்பி அணிந்த ஹெர்ஷல் லேட்டன் என்ற பேராசிரியர், லூக் என்னும் சிறுவனைச் சீடனாகக் கூட்டிக்கொண்டு, செயின்ட் மிஸ்டேர் என்ற ஒதுக்குப்புறமான கிராமத்துக்குக் காரில் வருகிறார். அந்த ஊரின் செல்வந்தரான ரைன்ஹோல்ட் பிரபு இறந்துவிட்டார். தங்க ஆப்பிளைக் கண்டுபிடிப்பவருக்கே சொத்து முழுவதும் சேரும் என்று உயில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மனைவி டாலியா அழைத்ததன்பேரில்தான் லேட்டன் வருகிறார். வந்த இடத்தில் ஆட்கள் காணாமற்போகிறார்கள், ஊர் நடுவே நிற்கும் கோபுரத்திலிருந்து இனம்புரியாத ஓசை கேட்கிறது. தங்க ஆப்பிள் என்பது என்ன, அந்தக் கோபுரத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் போவதுதான் கதை.

போகிற வழியெல்லாம் புதிர். ஊருக்குள் நுழைய வேண்டுமென்றால் தூக்குப்பாலத்தை இறக்க வேண்டும், அதற்கு ஒரு புதிர். கடைக்காரரிடம் விசாரித்தால் புதிர், தெருவில் நிற்கும் கிழவரிடம் பேச்சுக்கொடுத்தால் புதிர், பூனையைத் தேடிப் போனாலும் புதிர். இப்படி 100க்கும் மேற்பட்ட புதிர்கள் இருக்கின்றன. டிஎஸ் கருவிக்கு மேலும் கீழுமாக இரண்டு திரைகள் உண்டல்லவா? மேலே கேள்வி வாசகம் நிற்கும், கீழே படம் நிற்கும். கீழ்த் திரையில் சிறு கோலால் தொட்டோ, எண்ணை எழுதியோ விடை சொல்ல வேண்டும். கேள்வியும் படமும் ஒரே நேரத்தில் கண்முன்னே இருப்பதால் புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல் முன்னும் பின்னும் போய்வரத் தேவையில்லை. இந்த வகை விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

நேரம் வீணாகுமா என்று கேட்டீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தராசும், வரிசையும், மடித்து வெட்டிய கடதாசியும், அடுத்து வரும் உருவமும் அதில் வரும். அந்த வினாக்களின் உறவுக்காரப் புதிர்கள்தாம் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் இங்கே வெட்டுப்புள்ளி இல்லை, மாவட்ட நிலை இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை புள்ளி என்ற கேள்வி இல்லை. பிழைவிட்டால் திரும்ப யோசிக்கலாம். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தப் பரீட்சையோடு புதிர் என்ற பெயரைக் கேட்டாலே சுருங்கிப்போவதை வருடந்தோறும் பார்க்கிறேன். அப்படிச் சுருங்கிய ஒரு பிள்ளையை இந்த விளையாட்டு மறுபடி நிமிர வைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே நேரம் வீணாகாது.

புள்ளிமுறையும் நியாயமானது. ஒவ்வொரு புதிருக்கும் ஒரு பெறுமதி உண்டு. அதைப் ‘பிக்கராட்’ என்கிறார்கள். முதல் முயற்சியிலேயே சரியான விடை சொன்னால் முழுவதும் கிடைக்கும், பிழைவிட்டால் கொஞ்சம் குறையும். ஆனால் பிந்திக் கண்டுபிடித்தாலும் ஒன்றுமே இல்லாமற்போவதில்லை. இதை என் அம்மாயிக்கு, அதாவது பாட்டிக்கு, விளக்கவேண்டி வந்தபோது, தோட்டத்துக் கணக்கில்தான் சொன்னேன். நாள் முழுவதும் கொழுந்தெடுத்து நிறை காணாமல் போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள் அல்லவா, அதுபோல என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் கூடை சுமந்தவர் அவர். இங்கே பிழைவிட்டவனுக்கும் திரும்பத் திரும்ப மலையேற இடம் கொடுக்கிறார்களே, இது அரைப்பேரைவிட நல்ல கணக்கு என்றார். புள்ளிகள் சேரச் சேர, இறுதியில் சில மேலதிகப் பகுதிகள் திறக்கும். அதற்காகப் பிள்ளை பதறத் தேவையில்லை.

புதிர்களின் தரத்துக்குக் காரணம் ஒரு மனிதர். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த அகிரா தாகோ, 1966 முதல் புதிர்ப் புத்தகங்களை வரிசையாக வெளியிட்டு அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். அவருடைய புத்தகங்களைச் சிறுவயதில் விரும்பிப் படித்தவர்தான் இந்த விளையாட்டைத் தயாரித்த லெவல்-5 நிறுவனத்தை 1998இல் தொடங்கிய அகிஹிரோ ஹினோ. வளர்ந்தபின் அந்த எழுத்தாளரையே தேடிப்போய்ப் புதிர் கேட்டு, அவற்றைக் கோக்க ஒரு கதையையும் எழுதினார். விளையாட்டு ஜப்பானில் 2007 பிப்ரவரியில் வெளிவந்தது, ஆங்கிலத்தில் 2008இல் வந்தது. தாகோ 2016இல் காலமானார். எனக்கு இந்தப் பின்கதை மிகவும் பிடிக்கும். சின்ன வயதில் ஒருவர் போட்ட விடுகதை, நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு ஊராகவே முளைத்து நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த ஊரில் எல்லோரும் ஏன் புதிராகவே பேசுகிறார்கள் என்பது விநோதமாகத் தோன்றாது. அதற்குக் கதைக்குள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொன்னால் உங்கள் மகளுக்குச் செய்யும் துரோகம், எனவே சொல்ல மாட்டேன்.

இனி அந்த இரண்டாம் தடவைக்கு வருகிறேன்.

2022 மார்ச் மாதக் கடைசி. நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. தொலைக்காட்சி இல்லை, பிள்ளைகளுக்குப் படிக்க வெளிச்சம் இல்லை. அலமாரியில் கிடந்த டிஎஸ் ஞாபகத்துக்கு வந்தது. கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றிவைத்தால், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு மூன்று இரவு ஓட்டலாம். இணையமும் வேண்டாம். ஆகவே அம்மாயி, அப்பா, என் தங்கை, தங்கையின் மகன், நான் என ஐந்து பேரும் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஐந்து பேருக்கு அந்தச் சின்னத் திரை போதாது. அதனால் நான் வாசித்துத் தமிழில் சொல்வது, மற்றவர்கள் கேட்டு யோசிப்பது என்று ஏற்பாடு. அந்த நேரம் கடதாசிக்கும் தட்டுப்பாடு. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். இந்த முதல் விளையாட்டில் திரையிலேயே குறிப்பெழுதும் வசதி கிடையாது, அது இரண்டாவதில்தான் வந்தது. உங்கள் மகளுக்கும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வையுங்கள்.

அன்று வந்த ஒரு புதிர், ஆடியவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் புதிர். சாப்பாட்டு அறையில் பத்து மெழுகுவர்த்திகள் எரிகின்றன. ஜன்னல் வழியாக வந்த காற்றில் இரண்டு அணைகின்றன. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் இன்னொன்றும் அணைந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்துகிறீர்கள், அதன்பின் எதுவும் அணையவில்லை. கடைசியில் மிஞ்சுவது எத்தனை?

முதல் தடவை தனியாக ஆடியபோது நான் ஏழு என்று எழுதிப் புள்ளியை இழந்தேன். இந்தத் தடவை வாய் திறக்கவில்லை. தங்கையின் மகன் உடனே ஏழு என்றான். அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். அம்மாயி எங்கள் முன்னால் உருகிக்கொண்டிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். எரிகிறது எப்படி மிஞ்சும், அணைந்த மூன்றுதானே மிஞ்சும் என்றார். அவ்வளவுதான் விடை. மெழுகுவர்த்தியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில், அணைத்து வைத்த துண்டைத்தான் நாளைக்கு ஏற்ற முடியும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். வினாவை வாசித்தவுடன் கழித்தல் கணக்கு என்று முடிவுகட்டிய எனக்கு அது தெரியவில்லை. நான் எண்களைக் கண்டேன், அவர் மெழுகுவர்த்தியைக் கண்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி ஒரு பொறியாக இருந்தது. தமிழில் ‘மிஞ்சும்’ என்ற சொல்லைப் போட்டுச் சொன்னதும் அது விடுகதையாகிவிட்டது. லயத்துக் காம்பராவில் இரவு அடுப்பைச் சுற்றி இருந்துகொண்டு அம்மாயிகளும் தாத்தாக்களும் போட்டுத்தந்த விடுகதைகளுக்கும் இந்தப் புதிர்களுக்கும் ஒரே இலக்கணம்தான். கேட்பவனின் அவசரத்தை நம்பி வைத்த வலை அது. விடை தெரிந்தபின், அடடா, சொல்லிலேயே இருந்ததே என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாவிட்டால் அது நல்ல விடுகதை இல்லை. தாகோவின் புதிர்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறுகின்றன.

எட்டு எடைக்கற்கள் புதிரும் அப்படித்தான். பார்வைக்கு எட்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்று மட்டும் சற்று இலேசு. தராசை ஆகக் குறைவான தடவை பயன்படுத்தி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலைபார்த்தவர், நிறுவை அவருடைய துறை. நான்குக்கு நான்கு, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று மூன்று தடவை நிறுத்துக் காட்டினார். அது பிழையில்லை, ஆனால் இரண்டே தடவையில் முடியும். மூன்றுக்கு மூன்று வைத்து, இரண்டைத் தராசில் ஏற்றாமல் ஒதுக்கிவிட வேண்டும். தட்டுகள் சமமாக நின்றால் இலேசானது ஒதுக்கியதில் இருக்கிறது. ஒரு தட்டு உயர்ந்தால் அந்த மூன்றில் இரண்டை நிறுக்கலாம், மூன்றாவதை மறுபடி ஒதுக்கலாம். நிறுக்காமல் வைத்த கல்லும் விடை சொல்லும் என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். அப்பா அன்றிரவு நெடுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தட்டில் ஏறியதை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்றார். அந்தப் புதிரை இப்போது வகுப்பில் நிகழ்தகவு தொடங்குமுன் சொல்கிறேன், அப்பா அன்று சொன்னதோடு சேர்த்து.

மூன்று ஓநாய்களும் மூன்று கோழிக்குஞ்சுகளும் ஆற்றைக் கடக்கும் புதிரும் உண்டு. தெப்பத்தில் இரண்டுக்குத்தான் இடம். எந்தக் கரையிலும் ஓநாய்கள் குஞ்சுகளைவிடக் கூடிவிட்டால் ஆபத்து. நம் நாட்டுக் காட்டில் ஓநாய் இல்லையே, அதனால் நரி என்று சொன்னேன். இதற்குக் குறைந்தது 11 நடை வேண்டும். ஆட்கள் சிக்கிக்கொள்வது ஆறாவது நடையில். அந்த இடத்தில், ஏற்கெனவே அக்கரை சேர்த்துவிட்டவர்களில் ஒரு நரியையும் ஒரு குஞ்சையும் சேர்த்து இக்கரைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கடத்திவிட்டதை இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர யாருக்கும் மனம் வருவதில்லை. என் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கணிதத்தில் தேறாமற்போகும் பிள்ளைகளிடம் நான் காணும் பழக்கமும் இதுதான். எழுதிய வரியை அழிக்க மாட்டார்கள். இந்தப் புதிரில் பொம்மைகளைக் கோலால் தொட்டுத் தொட்டு நகர்த்தலாம், பிழைவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம். கொப்பியில் வராத துணிவு திரையில் வருகிறது.

இப்போது ஆங்கிலம். உங்களுடைய உண்மையான கவலை இதுதான் என்று நினைக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன், இந்த விளையாட்டின் பூட்டு கணிதத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. கதை உரையாடல்கள் எளிமையானவை, நிதானமாக ஒவ்வொரு பெட்டியாக வரும், பிள்ளை தொட்டால்தான் அடுத்தது நகரும். சில இடங்களில் அசையும் காட்சிகள் குரலோடு வரும், அங்கே பேச்சு வேகமாகப் போய்விடும், ஆனால் கதை பிடிபடாமற்போகாது. புதிர் வாசகத்தில்தான் கவனம் வேண்டும். ‘அட் லீஸ்ட்’, ‘அட் மோஸ்ட்’, ‘ஈச்’, ‘எக்ஸாக்ட்லி’ போன்ற சின்னச் சொற்களில்தான் விடையே தங்கியிருக்கும். ஒரு சொல்லைத் தாண்டிப் படித்தால் புதிர் வேறு புதிராகிவிடும்.

ஒரு சீசாவில் ஒரு கிருமி. நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகி, ஒரு மணித்தியாலத்தில் சீசாவை நிறைத்துவிடுகிறது. இரண்டு கிருமிகளோடு தொடங்கினால் எத்தனை நிமிடம்? என் வகுப்பில் இதைக் கேட்டால் முப்பது கையாவது முப்பது நிமிடம் என்று உயரும். விடை 59. இரண்டு கிருமியோடு தொடங்குவது, முதல் நிமிடத்தைத் தாண்டி வந்து நிற்பது மட்டுமே. இரட்டிப்பு என்ற சொல்லைத் தமிழில் நன்றாக உணர்ந்த பிள்ளைக்கு இது பிடிபடும். ஆங்கிலத்தில் மட்டும் வாசித்துப் பாதி விளங்கிய பிள்ளை, எண்களைப் பிடித்துக்கொண்டு வகுக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே என் முறை இது. புதிர் வந்ததும் அவளை வாய்விட்டு ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு திரையை மூடிவிட்டு, அதே புதிரைத் தன் சொல்லில் தமிழில் உங்களுக்குப் போடச் சொல்லுங்கள், விடுகதை போடுவதுபோல. போட முடியாவிட்டால் அவளுக்கு இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். திரும்ப வாசிக்கட்டும், அகராதி பார்க்கட்டும். முழுமையாகப் போட்டுவிட்டாள் என்றால் பாதி விடை வந்துவிட்டது. டிஎஸ் கருவியை மடித்தால் அது உறங்கிவிடும், திறந்தால் அதே இடத்தில் விழிக்கும். எனவே அவசரமே இல்லை. ஒரு புதிரை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் பாடசாலைக்குப் போய்வந்தும் யோசிக்கலாம். ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை வைத்து அமைந்த சில புதிர்களைத் தமிழாக்க முடியாது, அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் பையனுக்கு அந்த ஒன்றரை மாதத்தில் ஆங்கில வாசிப்பில் வந்த நிதானம், அதுவரை வாங்கிக் கொடுத்த எந்தப் பயிற்சிக் கொப்பியாலும் வந்ததில்லை.

குறிப்புகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு புதிருக்கும் மூன்று குறிப்புகள் உண்டு, ஒன்றுக்கு ஒரு நாணயம். தொடக்கத்தில் பத்து நாணயம் கையில் இருக்கும், மிச்சத்தை ஊர்ச் சுவரிலும் விளக்கிலும் பீப்பாயிலும் தொட்டுத் தொட்டுத் தேட வேண்டும். மூன்றாவது குறிப்பு பெரும்பாலும் விடையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். முதலாவதை வாங்கலாம், மூன்றாவதைத் தொடுவதற்கு முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். நாணயம் தேடும் சாக்கில் அந்த ஊரின் ஒவ்வொரு மூலையையும் அவள் உற்றுப்பார்ப்பாள். மண்ணிறம் தோய்ந்த கூரைகளும் வளைந்த சந்துகளும் அக்கார்டியன் இசையும் சேர்ந்து அந்த ஊருக்கு ஒரு மாலை நேரத்து முகம் இருக்கிறது. மழைவிட்டபின் மூடுபனி இறங்கும் நேரத்து ஹட்டன் கடைத்தெருவை எனக்கு நினைவூட்டியது. இசையை அமைத்தவர் தொமோஹிதோ நிஷியூரா. ஒரே மெட்டு புதிருக்குப் புதிர் திரும்ப வருவதால் சிலருக்குச் சலிக்கலாம். எனக்குச் சலிக்கவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். புதிர்களுக்கும் கதைக்கும் நடுவே ஒட்டு குறைவு. ஆள் காணாமற்போன பதற்றத்தில் ஒருவரை விசாரிக்கப் போனால், அவர் தீக்குச்சிகளை அடுக்கி வைத்துப் புதிர் போடுகிறார். கதையின் முடிவு இதற்கு ஓரளவு சமாதானம் சொல்கிறது, ஆனால் முடிவுவரை பொறுக்க வேண்டும். இந்த இடத்தில் கேப்காம் நிறுவனத்துக்காக ஷூ தகுமி 2010இல் எழுதி இயக்கிய ‘கோஸ்ட் ட்ரிக்’ ஒரு படி மேலே நிற்கிறது. அதுவும் டிஎஸ் விளையாட்டே. தொடக்கக் காட்சியிலேயே நாயகன் இறந்துகிடக்கிறான், தான் யார் என்பதும் அவனுக்கு நினைவில்லை, விடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆவியாக இருப்பதால் பொருள்களுக்குள் புகுந்து அசைக்கலாம், தொலைபேசிக் கம்பி வழியே இடம்விட்டு இடம் போகலாம், வேறொருவர் சாவதற்கு நான்கு நிமிடம் முன்னே திரும்பிப்போய் அந்தச் சாவைத் தடுக்கலாம். அங்கே புதிரே கதை, கதையே புதிர். ஒன்றைப் பிரித்தால் மற்றது நிற்காது. தனியாக ஆடுபவருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் ஐந்து பேர் சுற்றியிருந்து கேட்க அது ஒத்துவராது. கண்ணும் கையும் ஒரே நொடியில் இயங்க வேண்டும், வாய்விட்டுச் சொல்லி முடிவதற்குள் காட்சி கடந்துபோகும். லேட்டனின் புதிர்கள் கதையோடு ஒட்டாமல் தனித்தனியே நிற்பதால்தான் அவற்றை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிறது. தனியாக ஆடியபோது குறையாகத் தெரிந்தது, கூட்டமாக ஆடியபோது வசதியாகிவிட்டது. என் மனம் மாறியது அதனால்தான்.

இன்னொரு குறை, கட்டைகளை நகர்த்தி நகர்த்தி ஒன்றை வெளியே எடுக்கும் புதிர்கள். அவற்றில் கடைசியாக வரும் ஒன்று மிகவும் கொடுமையானது. அதில் யோசனையைவிடப் பொறுமைக்கே வேலை, கூட்டமாக ஆடவும் முடியாது. பிள்ளை அங்கே சோர்ந்துபோனால் கட்டாயப்படுத்தாதீர்கள். கதையை முடிக்க எல்லாப் புதிரும் தேவையில்லை. வழியில் தவறவிட்ட புதிர்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஊரில் ஒரு பாட்டி தம் குடிசையில் காத்திருக்கிறார். வேண்டியபோது போய்க் கேட்கலாம். அந்தப் பாட்டியைக் கண்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் அம்மாயியைத் திரும்பிப் பார்த்தோம்.

இது பிடித்துப்போனால் அடுத்தது ‘பண்டோராவின் பெட்டி’. அமெரிக்கப் பதிப்பில் பெயர் வேறு, விளையாட்டு ஒன்றே. அது ஒரு சொகுசு ரயிலில் ஏறி வேறு ஊர்களுக்கும் போகும் கதை. அதில் பேராசிரியர் தேநீர் தயாரிக்கிறார். வழியில் கிடைக்கும் இலைகளையும் வாசனைச் சரக்குகளையும் மூன்று மூன்றாகக் கலந்து, எதிர்ப்படுபவரின் நிலைக்கேற்ப ஊற்றிக் கொடுக்க வேண்டும். அப்பா மிகவும் ஆவலாக இருந்த பகுதி இதுதான். இலைகளுக்கெல்லாம் கற்பனைப் பெயர்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவற்றை எங்கே வாட்டி, எங்கே உருட்டினார்கள் என்று கேட்டார். கேள்வி எனக்குள் தைத்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கி, எங்கள் முன்னோர் மலைமலையாக நட்டுப் பறித்த இலை, அந்தக் கோப்பைக்கு எப்படி வந்தது என்பதை அந்த விளையாட்டு நினைக்கவே இல்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அது ஜப்பானியர் கனவில் கண்ட இங்கிலாந்து. ஆனால் உங்கள் மகள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து, வாட்டல், உருட்டல், நொதித்தல், காய்ச்சல் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். எந்த வேலை முதலில், எது மாறினால் என்ன ஆகும் என்பதே ஒரு நல்ல புதிர்.

ரயில் என்றதும் தெமோதரை நினைவுக்கு வருகிறது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ரயிலில் போயிருப்பீர்கள். தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்ட ரயில், பின்னோக்கிப் போகாமல், மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. இதைப் பெயர் சொல்லாமல் என் மாணவர்களுக்கு லேட்டன் பாணியில் போட்டேன். ஒரு ரயில் ஒரு நிலையத்தைவிட்டு முன்னோக்கியே போனது, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அந்த நிலையத்துக்கு நேர் கீழே இருந்தது, எப்படி என்று கேட்டேன். பதுளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திதான் சிரித்தாள். சரிவு அதிகமான அந்த இடத்தில் பாதையை எப்படி இறக்குவது என்று திகைத்த பொறியியலாளர், ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த வழியைக் கண்டார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். வரலாறோ கற்பனையோ, அந்தக் கதையில் புதிரை அவிழ்த்தது நம் ஆளின் தலைத்துணி. உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள். லேட்டனின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னால் நன்றாகப் பதியும்.

சில நடைமுறை விடயங்கள். கையிலிருக்கும் டிஎஸ் பழுதானால் 3டிஎஸ் கருவியிலும் அந்த விளையாட்டு அட்டை இயங்கும். கருவியே கிடைக்காதவர்களுக்கு 2018 முதல் கைபேசியிலும் இதே விளையாட்டு தெளிவான படங்களோடு விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் கருவி இருக்கும்போது கைபேசி வேண்டாம், அதில் நடுநடுவே செய்திகள் வந்து யோசனையைக் கலைக்கும். வரிசையை மாற்றாமல், இதை முடித்தபின் பண்டோராவின் பெட்டிக்குப் போங்கள். மூன்றாவதான ‘தொலைந்த எதிர்காலம்’ கதையில் மற்ற இரண்டையும் விஞ்சியது, கடைசியில் எங்கள் வீட்டில் அழாதவர் இல்லை. அதற்கு அவள் வரும்போது வயதும் ஆங்கிலமும் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

தொடங்குமுன் சேமிக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாக ஆடிச் சேமிக்க அங்கே இடம் இருக்கிறது. ஒன்றில் மகளின் பெயரை எழுதுங்கள், அடுத்ததில் உங்கள் பெயரை எழுதுங்கள். அவள் பாடசாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தூக்குப்பாலம்வரை நீங்களும் போய்விட்டு வாருங்கள். மாலையில் அவள் வந்து கேட்கும்போது விடையைச் சொல்லிவிட வேண்டாம்.